பஸ்ஸில் வந்த 20 டெராபைட்: ஆய்வுக்கு எவ்வளவு நெட்வொர்க் வேண்டும்?

புதுச்சேரியில் நான் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வு வளாகத்தில், ஒரு ஆய்வு மாணவி மாதம் ஒருமுறை விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னை போவார். பையில் ஐந்து ஹார்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட், அதாவது 4,000 கிகாபைட். புயல் கரை கடக்கும்போது கடலூர், புதுச்சேரி கரையில் கடல் எவ்வளவு உயரம் எழும், எந்தத் தெரு வரை உள்ளே வரும் என்று கணிப்பதுதான் அவருடைய ஆய்வு. கணக்கீடு ஓடுவது சென்னையில் ஒரு பெரிய கணினி மையத்தில். விடைகள் அங்கே குவியும். அவற்றை இங்கே கொண்டுவந்தால்தான் வரைபடம் போட்டு, கரையில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட முடியும்.

எங்கள் வளாகத்துக்கு விநாடிக்கு 1 கிகாபிட் கடத்தும் லிங்க் (இணைய இணைப்பு) இருந்தது. "லிங்க் இருக்கும்போது ஏம்மா இப்படி அலையறே?" என்று ஒருநாள் கேட்டேன். "ட்ரை பண்ணிப் பார்த்துட்டேன் சார். பஸ்தான் சீக்கிரம் வருது" என்றார்.

அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 20 டெராபைட் என்பது 160 லட்சம் கோடி பிட். ஈசிஆர் பஸ் நான்கு மணி நேரத்தில் வந்துவிடும் என்று வைத்தால், விநாடிக்கு 11 கிகாபிட்டுக்கு மேல் வருகிறது. டிஸ்கில் எழுதும் நேரத்தையும் திரும்பப் படிக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்குச் சுமார் 120 மெகாபைட் எழுதும், ஆக ஐந்தையும் ஒரே சமயத்தில் நிரப்பினாலும் ஒன்பது மணி நேரம், இங்கே இறக்க இன்னொரு ஒன்பது மணி. எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படிப் பார்த்தாலும் பஸ்ஸின் வேகம் விநாடிக்கு 2 கிகாபிட், எங்கள் லிங்க்கைப் போல இரண்டு மடங்கு. அவர் நெட்வொர்க்கில் முயன்றபோது கிடைத்ததோ விநாடிக்கு 40 மெகாபிட் (1,000 மெகாபிட் சேர்ந்தால் ஒரு கிகாபிட்). அந்த வேகத்தில் 20 டெராபைட் வந்து சேர 46 நாள் ஆகும்.

1 கிகாபிட்டுக்குப் பணம் கட்டுகிறோம், 40 மெகாபிட்தான் ஆய்வாளர் கைக்கு வருகிறது. நடுவில் மீதி எங்கே போயிற்று? ஆய்வுக்கான நெட்வொர்க்கைத் திட்டமிடுவது என்றால் என்ன என்பதே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பெரிய அறிவியல் திட்டங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்துவிட்டு மாணவியின் கதைக்குத் திரும்புகிறேன்.

முதலில் அளவு. லிங்க் விற்பவர் பிட்டில் பேசுவார், கோப்பின் அளவு பைட்டில் இருக்கும், ஒரு பைட்டுக்கு எட்டு பிட். இந்த எட்டை மறந்துபோய்த் தயாரித்த கோரிக்கைக் கடிதங்களை நானே பார்த்திருக்கிறேன். 1 டெராபைட் கோப்பு 100 மெகாபிட் லிங்க்கில் வர 22 மணி நேரம். 1 கிகாபிட்டில் இரண்டேகால் மணிக்குள். 10 கிகாபிட்டில் 13 நிமிடம் சொச்சம். இவை லிங்க் முழுவதும் நமக்கே கிடைத்து, வழியில் எதுவும் தடுக்காமல் இருந்தால் வரும் கணக்கு. 1 பெட்டாபைட் (1,000 டெராபைட்) என்றால் 10 கிகாபிட்டிலும் ஒன்பது நாளுக்கு மேல்.

அடுத்தது, எந்த எண்ணை வைத்துத் திட்டமிடுவது? நம் நிறுவனங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கடந்த ஆண்டின் பயன்பாட்டு வரைபடத்தை எடுப்பார்கள், சராசரி 30 சதவீதம் என்று தெரியும், "இன்னும் 70 சதவீதம் காலிதானே" என்று கோப்பை மூடிவிடுவார்கள். புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு இதில் உள்ள தவறை விளக்குவது எளிது. நம் பக்கம் ஆண்டு மழை 130 செ.மீ. அளவில். அதை 365ஆல் வகுத்தால் நாளுக்கு அரை செ.மீ.கூட வராது. அந்தச் சராசரியை நம்பி யாராவது மதகு கட்டுவார்களா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் அதிகமாகக் கொட்டியது. வடிகாலுக்கு அளவு சொல்வது அந்த ஒரு நாள்தான்.

ஆய்வுத் தரவும் இப்படித்தான் வரும். அலுவலகப் போக்குவரத்து தூறல் மாதிரி: ஆயிரம் பேர், ஆயிரம் சின்ன மெயில், சின்னப் பக்கம். எல்லாம் சேர்ந்து ஒரு மிருதுவான கோடாகத் தெரியும். ஆய்வுக் கருவி ஒன்று வேலையை முடித்தால் ஒரே ஆளிடமிருந்து ஒரே பெருக்காக டெராபைட் கணக்கில் கிளம்பும், பிறகு மூன்று வாரம் ஒன்றுமே இருக்காது. மாத சராசரியில் அந்தப் பெருக்கு கரைந்துபோகும். வழக்கமான கண்காணிப்பு வரைபடங்கள் ஐந்து நிமிட சராசரியைக் காட்டுகின்றன. அதற்குள்ளே சில விநாடி நிரம்பி வழிந்து பாக்கெட்டுகள் (தரவை வெட்டி அனுப்பும் சிறு துண்டுகள்) விழுந்ததுகூட அதில் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நெட்வொர்க் சரியில்லாத இடத்தில் ஆய்வாளர் முயல்வதையே நிறுத்திவிடுகிறார், டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். அவருடைய 20 டெராபைட் என் வரைபடத்தில் வரவே இல்லை. பஸ்ஸில் போன தேவையை ரவுட்டர் எண்ணாது.

ஆகவே, எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை நேரத்துக்குள் என்றும் கேட்க வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் சிலி நாட்டில் உள்ள வேரா ரூபின் வானோக்ககம். 2025 ஜூனில் அதன் முதல் படங்கள் வெளியாயின. 320 கோடி பிக்சல் கேமரா, ஓர் இரவுக்குச் சுமார் 20 டெராபைட். நம் மாணவியின் பையில் இருந்த அதே அளவு! அதை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் விநாடிக்கு 2 கிகாபிட்கூட வேண்டாம். ஆனால் வானத்தில் ஏதாவது மாறியிருந்தால், ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தால், படம் எடுத்த 60 விநாடிக்குள் உலக வானியலாளர்களுக்கு அறிவிப்புப் போக வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. கணக்கீடு நடப்பது அமெரிக்காவில். அந்த ஒரு நிமிடத்தில் பெரும்பகுதி கணக்கீட்டுக்கே தேவை, பயணத்துக்கு மிஞ்சுவது சில விநாடி. பிக்சலுக்கு 2 பைட் வைத்தால் ஒரு படம் 6.4 கிகாபைட். அதை ஐந்து விநாடியில் அனுப்பவே 10 கிகாபிட் வேண்டும், அடுத்த படமோ ஒரு நிமிடம் ஆவதற்குள் வந்து நிற்கும். ஒரு தடம் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது. அதனால்தான் சிலியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட 100 கிகாபிட் தடங்களைப் போட்டிருக்கிறார்கள். 2 கிகாபிட் என்பது சராசரி சொன்ன எண். 100 கிகாபிட் என்பது கெடு சொன்ன எண்.

நேர் எதிர்ப்புறத்தில் கருந்துளையைப் படமெடுத்த ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் கூட்டமைப்பு இருக்கிறது. 2017 ஏப்ரலில் உலகின் பல மலையுச்சிகளிலும் தென் துருவத்திலும் இருந்து பெட்டாபைட் கணக்கில் பதிவு செய்தார்கள். எதையும் நெட்வொர்க்கில் அனுப்பவில்லை, டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றினார்கள். தென் துருவத்தில் குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும் வரை அங்கிருந்த டிஸ்க்குகள் ஆண்டின் இறுதிவரை காத்திருந்தன. படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியானது. அவர்களுக்கு அவசரக் கெடு இல்லை. கருந்துளை எங்கும் ஓடிவிடாது. அந்த நிலையில் டிஸ்க்கைச் சுமப்பது சரியான திட்டம்தான். மாணவி பஸ்ஸில் போனதையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். தேர்ந்தெடுத்துச் சுமப்பதும் வேறு வழியில்லாமல் சுமப்பதும் வேறு வேறு. எனக்கு உறுத்தியது இரண்டாவது.

பெரிய அளவில் திட்டமிடுவதைக் கற்க ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும். 27 கி.மீ. வளையத்தில் புரோட்டான் கற்றைகள் விநாடிக்கு 4 கோடி முறை குறுக்கிடுகின்றன. எல்லாவற்றையும் சேமிக்க உலகில் இடம் கிடையாது, எனவே கருவியின் அருகிலேயே பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறார்கள். அப்படியும் மிஞ்சுவது ஒரு மையத்தின் கொள்ளளவுக்கு மேல். 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்கள் அந்தச் சுமையைப் பகிர்கின்றன. இந்தியாவில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அதில் இரண்டாம் அடுக்கு மையங்கள்.

அந்த 'அடுக்கு' என்ற சொல்லில் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களின் இறுதியில் இந்த ஏற்பாட்டை வரைந்தவர்கள் நெட்வொர்க்கைத்தான் பலவீனமான கண்ணியாக நினைத்தார்கள். செர்ன் மேலே, அதன் கீழே சில பெரிய மையங்கள், அவற்றின் கீழே சிறியவை. தரவு மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும், தேவைப்படும் என்று தோன்றுவதை முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்துவிடலாம் என்று வைத்துக்கொண்டார்கள். வளையம் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளில், பயந்ததற்கு மாறாக நெட்வொர்க்தான் அந்த ஏற்பாட்டிலேயே நம்பகமான பகுதி என்று தெரிந்தது. யாரும் படிக்காத பிரதிகள் டிஸ்க்கை அடைத்துக்கொண்டு கிடந்தன. அதன் பிறகு அடுக்கைத் தளர்த்தினார்கள். எந்த மையமும் எந்த மையத்திடமிருந்தும் நேராக எடுக்கலாம் என்று ஆயிற்று, அதற்கென்றே தனி வலையமைப்பும் வந்தது. நெட்வொர்க்கை நல்லபடி போட்டால் டிஸ்க் செலவு குறையும் என்பது இதில் கிடைத்த பாடம். நம் நிறுவனங்களில் டிஸ்க் ஒரு பிரிவின் பட்ஜெட், லிங்க் இன்னொரு பிரிவின் பட்ஜெட். இரண்டையும் ஒரே தாளில் வைத்துக் கணக்குப் பார்க்கும் ஆளே இருப்பதில்லை.

செர்ன் இப்போது வளையத்தின் திறனைப் பல மடங்கு கூட்டிக்கொண்டிருக்கிறது, புதிய வடிவம் 2030 வாக்கில் ஓடத் தொடங்கும். அதற்கு மொத்தமாகக் குறைந்தது விநாடிக்கு 4.8 டெராபிட், தாராளமாகப் பார்த்தால் 9.6 டெராபிட் வேண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மதிப்பிட்டதோடு விடவில்லை. 2021இல் அந்தத் தேவையில் 10 சதவீதத்தை உண்மையான மையங்களுக்கு இடையே அனுப்பி ஒத்திகை பார்த்தார்கள், 2024இல் 25 சதவீதம். இத்தகைய ஒத்திகைகள் லிங்க்கோடு நிற்காமல், கோப்புகளை அனுப்பும் மென்பொருள், அனுமதிச் சோதனை, டிஸ்க் என்று சங்கிலி முழுவதையும் சோதித்துவிடும். திட்டத்தை நம்பாமல் அளந்து பார்க்கும் இந்தப் பழக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகங்களை இணைக்கும் ஈஎஸ்நெட் 1986இலிருந்து இயங்குகிறது. அவர்களிடம் உள்ள வழக்கம் எளிமையானது. ஒவ்வோர் அறிவியல் துறையினரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். எந்தக் கருவி, எவ்வளவு தரவு, எங்கிருந்து எங்கே, இப்போது எப்படி வேலை செய்கிறீர்கள், இரண்டு ஆண்டில் என்ன மாறும், ஐந்து ஆண்டில் என்ன, அதற்கப்பால் என்ன. "எத்தனை கிகாபிட் வேண்டும்?" என்ற கேள்வியில் தொடங்குவதில்லை, ஏனென்றால் ஆய்வாளருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தன் வேலையை அவர் சொல்வார், அதைக் கிகாபிட்டாக மாற்றுவது நெட்வொர்க்காரரின் பொறுப்பு.

அந்த வலையில் 1990 முதல் நெடுங்காலம் போக்குவரத்து ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பத்து மடங்காகியிருக்கிறது. இதை மாதக் கணக்காக மாற்றினால் விளைவு உறைக்கும். இன்று 30 சதவீதம் நிரம்பிய லிங்க், அந்த வேகத்தில் வளர்ந்தால், 14 மாதத்தில் 60 சதவீதம் ஆகிவிடும். டெண்டர் விட்டு, சாலை தோண்ட அனுமதி வாங்கி, கருவி வந்து சேர நம் ஊரில் அதைவிடக் குறைவாக ஆகுமா? பாதி நிரம்பும்போதே அடுத்ததற்கான வேலையைத் தொடங்குவது இதனால்தான்.

இனி அந்த 40 மெகாபிட். இதைப் புரிந்துகொள்ள டிசிபி என்ற போக்குவரத்து முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அனுப்புகிறவர் சில பாக்கெட்டுகளை அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதிலுக்குக் காத்திருப்பார். பதில் ஒழுங்காக வந்தால் அடுத்த முறை அதிகம் அனுப்புவார். ஒரு பாக்கெட் தொலைந்தால், வழியில் நெரிசல் என்று எண்ணி வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொண்டு, மறுபடி மெல்ல ஏறுவார். பதில் வர எடுக்கும் நேரம் நீளமாக இருந்தால் ஏறுவதும் மெதுவாகும். ஆகவே தூரமும் இழப்பும் சேர்ந்துதான் வேகத்தை நிர்ணயிக்கின்றன. 1997இல் வெளியான ஒரு சூத்திரம் இதை எளிதாகச் சொல்கிறது: பாக்கெட்டின் அளவை, போய் வரும் நேரத்தால் வகுத்து, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும்.

ஈஎஸ்நெட்டில் நடந்த ஒரு சம்பவம் இந்தத் துறையில் புகழ்பெற்றது. ஒரு 10 கிகாபிட் ரவுட்டரின் பலகை ஒன்று 22,000 பாக்கெட்டுக்கு ஒன்றைத் தொலைத்துக்கொண்டிருந்தது. அதாவது சுமார் 0.0045 சதவீதம். கருவி எந்தப் பிழையும் காட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, தூரத்து ஆய்வகங்களுக்கான வேகம் மட்டும் படுத்துவிட்டது. அந்த இழப்பை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். சென்னை போய் வர 5 மில்லி விநாடி என்றால், ஒரு கோப்புப் பரிமாற்றத்துக்குச் சூத்திரம் தருவது விநாடிக்குச் சுமார் 350 மெகாபிட். ஜெனீவா போய் வர 150 மில்லி விநாடி என்று வைத்தால், அதே இழப்பில் 12 மெகாபிட்! லிங்க் 10 கிகாபிட்டாக இருந்தாலும் 100 கிகாபிட்டாக இருந்தாலும் அந்த 12தான். பணத்தைக் கொட்டி லிங்க்கைப் பெரிதாக்கினால் ஒரு பிட்கூடக் கூடுதலாக வராது. இழப்பை வேறுவிதமாகக் கையாளும் புதிய முறைகள் வந்திருக்கின்றன, பெரிய பாக்கெட், பல இணைத் தடங்கள் போன்ற உபாயங்களும் உண்டு. அவை வலியைக் குறைக்கும். ஓட்டையை அடைப்பது நம் வேலை.

எங்கள் வளாகத்தில் அளந்தபோது 300 பாக்கெட்டுக்கு ஒன்று தொலைந்துகொண்டிருந்தது. அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 5 மில்லி விநாடிக்கு 40 மெகாபிட். மாணவி சொன்ன அதே எண். அதைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. காரணம் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஃபைபரின் முனை. அது இருந்த பெட்டிக்குள் மழைக்காலத்தில் ஈரம் இறங்கி, தூசியோடு சேர்ந்து கனெக்டரில் படிந்திருந்தது. சுத்தம் செய்ய ஆன செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மெயிலும் வாட்ஸ்அப்பும் ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவரும் புகார் சொல்லவில்லை.

முனையைத் துடைத்ததும் வேகம் 94 மெகாபிட்டுக்கு ஏறி அங்கேயே நின்றது. மாணவியின் மேசைக்குப் போகும் ஸ்விட்ச் பழைய 100 மெகாபிட் வகை. அதை மாற்றினோம், 300க்கு ஏறி மறுபடி நின்றது. இந்த முறை தடுத்தது, வளாகத்துக்குள் வருவதையும் போவதையும் சோதிக்கும் ஃபயர்வால்.

ஃபயர்வாலைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வளாகங்களில் ஆய்வுத் தரவு மூச்சுத் திணறுவது அங்கேதான். அந்தக் கருவி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் போக்குவரத்துகளைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்து சோதிப்பதற்காக வடிவமைத்தது. பெட்டியின் மேல் 1 கிகாபிட் என்று எழுதியிருந்தாலும், ஒரே ஒரு பெரிய போக்குவரத்து வந்தால் அது பல நேரங்களில் ஒரே செயலியில் போய் மாட்டிக்கொள்ளும். மற்றவை சும்மா இருக்க, அது மட்டும் திணறும். பாக்கெட்டுகளைக் காத்திருக்க வைக்கும் இடமும் சின்னது, நிரம்பினால் பாக்கெட் விழும், மேலே சொன்ன கதை மறுபடி தொடங்கும்.

இதற்கு ஈஎஸ்நெட் பொறியாளர்கள் 2010 வாக்கில் முன்வைத்த ஏற்பாட்டின் பெயர் சயின்ஸ் டிஎம்இசட். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நெய்வேலியை வைத்துச் சொல்லலாம். சுரங்கத்தில் வெட்டும் பழுப்பு நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி மின் நிலையத்துக்குப் போகிறது. அதை யாரும் லாரி லாரியாக ஏற்றி, கடைத்தெரு வழியாக, ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி அனுப்புவதில்லை. ஆய்வுத் தரவுக்கும் அப்படி ஒரு தனிப் பட்டை. வளாகத்தின் எல்லை ரவுட்டரை ஒட்டி, தரவு அனுப்புவதற்கென்றே ஒரு சர்வர். அதில் மெயில் கிடையாது, உலாவி கிடையாது, யாரும் உட்கார்ந்து வேலை பார்ப்பதும் கிடையாது. எந்தெந்த முகவரியிலிருந்து எந்தக் கதவு வழியாக வரலாம் என்று ரவுட்டரிலேயே கறாரான பட்டியல். செய்ய வேண்டிய வேலை ஒன்றே என்பதால் காவலும் எளிதாகிறது. ஃபயர்வாலைக் கழற்றிவிடுவதாக நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். மற்ற எல்லோருக்கும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்தில் அளப்பதற்கென்று ஒரு சின்னக் கணினியும் வேண்டும், பெர்ஃப்சோனார் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, தூரத்து மையங்களுக்கான வேகத்தையும் இழப்பையும் இரவு பகலாக அளந்துகொண்டே இருக்க. 22,000இல் ஒன்று தொலைந்தால் சொல்வதற்கு ஒரு கண் வேண்டும்.

எங்கள் வளாகத்திலும் அப்படி ஒரு சர்வரை வைத்தபின் சென்னையிலிருந்து 900 மெகாபிட்டைத் தொட்டோம். புதிய லிங்க் எதுவும் வாங்கவில்லை.

இந்தியாவில் இதற்கான முதுகெலும்பு, அதாவது நிறுவனங்களை இணைக்கும் பெரிய வலை, இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்வி ஆய்வுக்கான எர்நெட் 1986இல் தொடங்கியது. 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை தேசிய அறிவு வலையமைப்புக்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்திருக்கின்றன, வெளிநாட்டு ஆய்வு வலைகளோடும் இணைப்பு உண்டு. முதுகெலும்பு பல கிகாபிட் ஓடினாலும், வளாக வாசலிலிருந்து ஆய்வாளரின் மேசை வரையிலான சில நூறு மீட்டர்தான் பல இடங்களில் எஞ்சியிருக்கும் சிக்கல்.

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் எத்தனை விதமான தரவு இருக்கிறது என்று யோசித்தால் ஒரே எண்ணை எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பது விளங்கும். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியது. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலைச்சுவடியை நுணுக்கமாகப் படமெடுத்தால் ஒரு படம் 100 மெகாபைட் என்று கொள்வோம், பத்து லட்சம் படத்துக்கு 100 டெராபைட். அளவு பெரிது, அவசரம் இல்லை. இரவு நேரத்தில் மெதுவாக அனுப்பலாம், டிஸ்க்கிலும் அனுப்பலாம், அங்கே முக்கியம் ஒரு எழுத்துகூடக் கெடாமல் சேர்ந்ததா என்று சரிபார்ப்பது. மருத்துவ ஆய்வில் ஒருவருடைய முழு மரபணுத் தொகுதியின் மூலத் தரவு 100 கிகாபைட்டை நெருங்கும், அங்கே வேகத்தோடு அந்தரங்கமும் சேர்ந்துகொள்ளும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடலோர ஆய்வில் கருவி கரையில், பல நேரம் அலைபேசி சிக்னலை நம்பி இருக்கும், எனவே அங்கேயே சுருக்கி அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

புயல் ஆய்வு இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபடும். அதற்கு நெட்வொர்க் மிகவும் தேவைப்படும் நேரமும் நெட்வொர்க் அறுந்துபோகும் நேரமும் ஒன்றே. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஃபைபர் நன்றாக இருந்தாலும் இரு முனைகளில் மின்சாரம் இல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடி இழை. ஆகவே ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேர டீசல் என்பதும் நெட்வொர்க் கணக்கில் சேர்ந்ததே.

இரண்டு லிங்க் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: இரண்டும் எந்தப் பாலத்தின் மேல் போகின்றன? ஃபெஞ்சலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 2 அன்று, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில்வே பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில்களை நிறுத்தினார்கள். ஃபைபரும் ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் ஒட்டித்தான் போகிறது, ஆற்றைக் கடக்கும் இடத்தில் பல நிறுவனங்களின் இழைகள் ஒரே பாலத்தில் வந்து சேரும். இரண்டு நிறுவனங்களுக்குத் தனித்தனியாகப் பணம் கட்டினாலும் பாலம் ஒன்று என்றால் லிங்க்கும் ஒன்றுதான். ஒன்று ஈசிஆர் வழியாகவும் மற்றது விழுப்புரம், திண்டிவனம் வழியாகவும் போகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டையும் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. 70 சதவீதம் நிரம்பிய இரண்டில் ஒன்று அறுந்தால் மிச்சம் இருப்பதில் 140 சதவீதத்தை ஏற்ற முடியாது.

மாணவியிடம் திரும்பப் போனேன். 900 மெகாபிட் கிடைத்தாலும் 20 டெராபைட்டுக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும், அத்தனை நேரமும் வளாகம் முழுவதும் திணறும். "இந்த 20 டெராபைட்டில் நீ உண்மையில் எதைத் திறந்து பார்க்கிறே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். வங்காள விரிகுடா முழுவதற்கும், ஒவ்வோர் ஆழத்துக்கும், ஒவ்வொரு நேரத்துக்கும் விடை இருக்கிறது, ஆனால் அவர் பயன்படுத்துவது கரையை ஒட்டிய சிறு பகுதியின் நீர்மட்டமும் காற்றும் மட்டும். சென்னையிலேயே அதைத் தனியாகப் பிரித்தெடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினார். வந்தது 600 கிகாபைட். 700 மெகாபிட்டுக்குமேல் போகாதபடி கட்டுப்படுத்தி இரவில் இறக்கினோம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. நகர்த்தத் தேவையில்லாததை நகர்த்தாமல் விடுவதும் திட்டமிடலின் பகுதி என்று எனக்குப் புரியவைத்தவர் அவர். இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு வளாகத்தில் ஒவ்வொரு குழுவிடமும் ஒரு பக்கப் படிவம் கொடுத்து, உட்கார்ந்து பேசி நிரப்பினோம். என்ன தரவு, எங்கிருந்து, எங்கே, எத்தனை நேரத்துக்குள், இரண்டு ஆண்டில், ஐந்து ஆண்டில். பலர் "இப்போது இருப்பதே போதும்" என்று எழுதினார்கள், அதையும் நம்பி ஏற்றுக்கொண்டோம். புயல் ஆய்வுக் குழுவின் படிவத்தில் ஐந்தாண்டுக் கட்டத்துக்கு நேரே மாணவி எழுதியிருந்தது இது: புயல் நெருங்கும் நாளில் 50 வெவ்வேறு பாதைகளுக்கான கணிப்பு, ஒவ்வொன்றும் 12 கிகாபைட், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இங்கே 20 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும். எந்தத் தெருவைக் காலி செய்வது என்று சொல்ல அதற்குமேல் காத்திருக்க முடியாது.

600 கிகாபைட், 20 நிமிடம். விநாடிக்கு 4 கிகாபிட். சராசரியில் அது அரை கிகாபிட்கூட வராது, எங்கள் பழைய லிங்க்கே போதும் என்று வரைபடம் சொல்லும். 10 கிகாபிட் இரண்டு, தனித்தனிப் பாதையில், என்று நாங்கள் அனுப்பிய கோரிக்கையில் அந்த வரைபடத்தை வைக்கவில்லை. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருந்த அந்த ஒரு வரியை வைத்தோம்.